படி ஏறாத கால்

கோபம் வந்தால் ஃபகருன்னிசா பாத்திரத்தைப் போட்டு உடைப்பாள் என்று அந்தத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். அவள் பட்ட பாட்டுக்கு உடைத்திருக்க வேண்டியது பாத்திரம் இல்லை, நாலைந்து ஆபீஸ் மேஜைகள். ஆனால் ஒன்றையும் உடைக்கவில்லை. நில் என்ற வரிசையில் நின்றாள், உட்காரச் சொன்ன பெஞ்சில் உட்கார்ந்தாள், நாளைக்கு வா என்றால் நாளைக்கும் போனாள். ஒன்பது வருடம் இப்படி இருந்துவிட்டு ஒரே ஒரு நாள் ஒரு டாக்டரின் கையைப் பிடித்து இழுத்தாள். அதைத்தான் ஊர் இன்னும் பேசுகிறது.

அவள் புருஷன் ஜமீர் அகமது, ஓசூர் சிப்காட்டில் லாரி பிரேக்குக்கு ஸ்பேர் செய்கிற ஒரு கம்பெனியில் இருந்தார். முதலில் லேத்தில் நின்றவர். 1988-இல் இரண்டு கிட்னியும் கைவிட்ட பிறகு யூனியன்காரர்கள் சண்டை போட்டு உட்கார்ந்து பார்க்கிற வேலை வாங்கிக் கொடுத்தார்கள். லைனில் வருகிற உருப்படியைக் கேஜ் வைத்து அளந்து நல்லதை ஒரு தட்டிலும் கெட்டதை இன்னொரு தட்டிலும் போட வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் அதுவும் இல்லை. அந்த இரண்டு நாளும் விடியற்காலை பஸ்ஸில் பெங்களூர் போய், ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் டயாலிசிஸ் மெஷினோடு படுத்திருந்துவிட்டு வருவார். செலவு கம்பெனி இன்சூரன்ஸில் போய்விடும். அலைச்சல் ஃபகருன்னிசாவின் காலில் போய்விடும்.

ஜமீரின் அண்ணன் ஒரு கிட்னி தருகிறேன் என்று சொல்லி, டெஸ்ட் எல்லாம் முடித்து, அண்ணி ஒரு பாட்டம் அழுததும் ஊத்தங்கரைக்குப் பஸ் ஏறினார். போனவர் பக்ரீதுக்குக்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஃபகருன்னிசா தன்னுடையதை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அவள் ரத்தம் அவருக்குச் சேரவில்லை. ஆகவே மெஷின்தான். ஒரு தடவை தவறினால் இரண்டாம் நாள் கால் வீங்கும், மூன்றாம் நாள் மூச்சு முட்டும். இது அவளுக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம்.

ஜமீரோ வாயில்லாப் பூச்சி. மூட்டைப் பூச்சி கடித்தால்கூட அதற்குத் தொந்தரவாக இருக்கும் என்று திரும்பிப் படுக்காத ஆள். யார் எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பார். அந்தச் சரிங்கவைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துப் போயிருந்தது.

1997-இல் ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. மெஷின் முடிந்து மத்தியானம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினார்கள். ஃபகருன்னிசா முன்னால் இறங்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினாள். ஜமீர் கடைசிப் படியில் வலது காலை ஊன்றிக்கொண்டு இடது காலைத் தரையில் வைக்கப் போனார். காய்ந்த விறகு முறிகிற மாதிரி படக்கென்று ஒரு சத்தம். அப்படியே மடிந்து அவள் மேலேயே விழுந்தார். யாரும் தள்ளவில்லை, தடுக்கவில்லை, வழுக்கவும் இல்லை. ஒன்பது வருடமாக இறங்குகிற படியில் இறங்கினார், அவ்வளவுதான்.

உடனே நாலு பேர் கூடி நாற்பது யோசனை சொன்னார்கள். ஒருவர் சோடா வாங்கி வந்தார். இன்னொருவர் சுளுக்கு என்று சொல்லிக் காலைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். ஜமீர் அலறினார். இழுத்தவர், "அவ்ளோதான், வுட்டுச்சு பாரு," என்று பெருமையோடு கையைத் தட்டிக்கொண்டு தன் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

ஓசூரில் இருந்த இன்சூரன்ஸ் டிஸ்பென்சரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, எலும்பு முறியவில்லை, சுளுக்குதான், கட்டுத்துணி சுற்றி ஓய்வில் இருந்தால் சரியாகிவிடும் என்றார். காலைத் தொட்டே பார்க்கவில்லை. ஓய்வில் இருக்கலாம், செவ்வாயும் வெள்ளியும் ஓய்வில் இருக்குமா? ஊன்றி நடக்க இரண்டு கட்டைகளும் எழுதிக் கொடுத்தார். ஜமீரின் இடது கையில்தான் டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக் குழாயை இணைத்துத் தைத்திருந்தது. தொட்டால் பூனை உறுமுகிற மாதிரி அதிரும். அந்தக் கையில் எடையே தாங்கக்கூடாது என்று ஒன்பது வருடமாகச் சொல்லி வைத்திருந்தார்கள். அதைச் சொன்னால், "அப்ப ஒரு கட்டைய மட்டும் வெச்சிக்கோங்க," என்றார் டாக்டர். இன்னொரு கட்டை ஃபகருன்னிசா ஆனாள்.

வலது காலை நீட்டித் தூக்க அவரால் முடியவில்லை. தரையில் ஊன்றினால் முட்டி துணி மாதிரி மடங்கியது. பஸ் ஏறுவதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஜமீர் பஸ்ஸுக்கு முதுகைக் காட்டிப் படியில் உட்காருவார். அவள் இடுப்பைப் பிடித்துத் தூக்க, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாய் மேலே போவார். கண்டக்டர், "இது ஆளா, லக்கேஜாம்மா? சீக்கிரம் ஏத்து," என்று விசில் ஊதுவான். ஜமீர் அவனிடமும் சரிங்க என்றார்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை, ஆடி முடிந்து வந்த முதல் முகூர்த்த நாள். வருகிற பஸ்ஸெல்லாம் படியில் ஆள் தொங்க வந்தது. படியில் ஆள் நிற்கும்போது படியில் எங்கே உட்காருவது? ஆறு பஸ் போயிற்று, பத்து மணி ஆயிற்று. மெஷினில் வேறு ஆளைப் போட்டிருப்பார்கள் என்று தெரிந்ததும் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜமீருக்கு மூச்சு வாங்கியது, படுக்க முடியவில்லை, உதடு கறுத்தது. பக்கத்து வீட்டுக் காஜா மொய்தீன் ராயக்கோட்டை மார்க்கெட்டிலிருந்து தக்காளி ஏற்றுகிறவர். அவருடைய டெம்போவில், காலிக் கூடைகளுக்கு நடுவே படுக்கை போட்டு, பெங்களூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இன்னும் இரண்டு மணி நேரம் போயிருந்தால் தெரிந்திருக்கும் என்று மெஷின் ரூம் நர்ஸ் திட்டினாள்.

அன்றைக்குத்தான் ஃபகருன்னிசாவுக்கு விஷயம் முழுதாக உறைத்தது. இது கால் இல்லை. இந்த மனுஷனை மெஷினுக்குக் கொண்டுபோகிற ஒரே வண்டி. இது போனால் ஆள் போய்விடுவார்.

மறுநாள் தைலம் தேய்க்கும்போது வலது முட்டிச் சில்லுக்கு மேலே அவள் விரல் உள்ளே இறங்கியது. குழி. ஒரு விரல் படுக்கிற அளவுக்குக் குழி. இடது காலைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே கெட்டியாக, கயிறு மாதிரி ஒன்று சில்லோடு சேர்ந்திருந்தது. வலது காலில் அந்தக் கயிறு இல்லை.

"ஏங்க, இங்க ஒன்னு அறுந்து போயிருக்குதுங்க," என்றாள்.

"டாக்டரு சுளுக்குன்னாரே," என்றார் ஜமீர்.

"டாக்டரு படத்தப் பாத்தாரு. நான் காலப் பாக்கறேன்."

டிஸ்பென்சரிக்குப் போய்க் குழியைப் பற்றிச் சொன்னாள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையே அம்மா என்று மறுபடி அதே படத்தைத் தூக்கிக் காட்டினார் டாக்டர். பெங்களூரில் கிட்னி டாக்டரின் கீழே இருந்த சின்ன டாக்டரிடம் சொன்னாள். ரொம்ப வருஷம் டயாலிசிஸில் இருந்தால் உடம்பு பலவீனமாகத்தான் இருக்கும், கால் எங்கள் டிபார்ட்மெண்ட் இல்லை என்றார். எலும்பு டிபார்ட்மெண்டுக்குப் போனாள். ஓசூர் டிஸ்பென்சரியிலிருந்து தனிக் கடிதம் வேண்டும், கிட்னிக்குக் கொடுத்த கடிதம் காலுக்குச் செல்லாது என்றார் குமாஸ்தா. ஒரே உடம்புதானே என்று கன்னடத்தில் கேட்டாள். "நாளெ பாம்மா," என்றார் அவர். நாளைக்கு வா என்பதில் மட்டும் எந்த மொழிக்காரரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

ஓசூருக்குத் திரும்பி வந்து கடிதம் கேட்டாள். டைப் அடிக்கிறவர் லீவு. அடுத்த நாள் தமிழில் ஒரு கடிதம் கிடைத்தது. பெங்களூரில் அதைப் படிக்க ஆளில்லை. இங்கிலீஷில் வாங்கிக்கொண்டு போனால், டாக்டர் கையெழுத்து இருக்கிறது, முத்திரை இல்லை. முத்திரை வைத்திருக்கிறவர் கிருஷ்ணகிரியில் மீட்டிங்கில் இருந்தார். இவ்வளவுக்கும் நடுவே செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் வந்தன. பஸ் படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஏறுவதும் தவறாமல் நடந்தது. ஃபகருன்னிசாவுக்கு இடுப்பு விட்டுப் போயிற்று. யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை. எல்லாரும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். அதுதான் பற்றிக்கொண்டு வந்தது.

பத்தொன்பதாம் நாள், முத்திரையோடு, எலும்பு டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். கடிதத்தைப் படித்தார், எக்ஸ்ரேயைப் பார்த்தார், சீட்டை எடுத்தார். தமிழும் கன்னடமும் கலந்து, ஒரு மாதம் எக்ஸர்சைஸ் எழுதுகிறேன் என்றார். பேனா மூடியைத் திறந்தார். ஜமீர், "சரிங்க," என்றார்.

ஃபகருன்னிசா எழுந்தாள். அதுவரைக்கும் அந்நிய ஆண் ஒருவர் மீது அவள் விரல் நுனி பட்டதில்லை. டாக்டரின் வலது கையைப் பேனாவோடு பிடித்தாள். பேனா உருண்டு கீழே விழுந்தது. அவருடைய ஆள்காட்டி விரலை இழுத்துக்கொண்டு போய் ஜமீரின் முட்டிக்கு மேலே வைத்து அழுத்தினாள்.

"இங்க பாருங்க. இங்க!"

டாக்டரின் வாய் திட்டுவதற்குத் திறந்தது. விரல் குழிக்குள் இறங்கியதும் அப்படியே நின்றது. கையை அவள் விட்ட பிறகும் அவர் எடுக்கவில்லை. இடது காலைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி வலது காலுக்கு வந்தார். "காலைத் தூக்குங்க," என்றார். ஜமீர் முக்கினார், தொடை நடுங்கியதே தவிர குதிகால் தரையை விட்டு எழவில்லை.

"தொடைச் சதைய முட்டியோட சேக்கற ஜவ்வு மொத்தமா அறுந்திருக்கு. எத்தனை நாளாச்சு?"

"பத்தொன்பது நாளு."

"பத்தொன்பது நாளா! இது மேல சுருங்கிட்டுப் போயிடும், தெரியுமா? அப்புறம் இழுத்துத் தைக்கவே முடியாது. இத்தனை நாளா என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?"

"ஒங்க ரூம் வாசல்ல உக்காந்திருந்தேங்க," என்றாள் ஃபகருன்னிசா.

டாக்டர் குனிந்து தன் பேனாவைத் தானே எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கடிதம், முத்திரை எதையும் யாரும் கேட்கவில்லை. வியாழக்கிழமை மெஷினில் போட்டு, வெள்ளிக்கிழமை அறுவைச் சிகிச்சை செய்தார்கள். முட்டிச் சில்லில் ஓட்டை போட்டு, அறுந்ததைக் கீழே இழுத்துக் கட்டித் தைத்து, தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு. ஆறு வாரம்.

இரண்டாம் நாள் எலும்பு டாக்டரும் கிட்னிப் பெரிய டாக்டரும் சேர்ந்தே வந்தார்கள். ஒன்பது வருடத்தில் இரண்டு டிபார்ட்மெண்டை ஒரே கட்டிலருகில் அவள் பார்த்தது அன்றைக்குத்தான். ஓட்டை போடும்போது எலும்பு நனைந்த சாக்பீஸ் மாதிரி இருந்தது என்றார் எலும்பு டாக்டர்.

கிட்னி டாக்டர் விளக்கினார். "சாப்பாட்டுல இருக்கற பாஸ்பரஸ மெஷின் முழுசா எடுக்காது. அது ரத்தத்துல ஏறினா ஒடம்பு எலும்பக் கரைக்கும். ஜவ்வு எலும்போட ஒட்டற எடம் இத்துப் போயிடும். ரொம்ப வருஷம் மெஷின்ல இருக்கறவங்க எல்லாருக்குமே இந்த ஆபத்து உண்டு. அதுக்குத்தான் சாப்பிடும்போது மெல்ற வெள்ளை மாத்திரை. இவருக்கு ரத்தத்துல எக்கச்சக்கமா ஏறியிருக்கு. ஜமீர், மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

"சாப்பிடறேன் சார்."

"சாப்பிடறாருங்க," என்றாள் ஃபகருன்னிசாவும். "மாசாமாசம் நாந்தான் வாங்கறேன். நாந்தான் பாட்டிலோட டிபன் பையில வெக்கறேன்."

"அப்ப டோஸ் பத்தல போல. கூட்டிடலாம். இல்லன்னா அடுத்தது இடது கால்." எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் தீர்த்தகிரி வந்தான். ஜமீரின் லைனில் வேலை பார்க்கிறவன், மாரண்டஹள்ளிப் பக்கம். நல்ல மனசு, பெரிய வாய். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தான். கிட்னிக்காரருக்கு ஆரஞ்சு ஆகாது என்று ஒன்பது வருடமாகச் சொல்லியும் ஒன்பது வருடமாக ஆரஞ்சுதான் வாங்கி வருகிறான்.

"பாய், நீங்க இல்லாம லைனே சரியில்ல பாய்," என்றான். "கேன்டீன்ல அந்தப் பருப்பத் தின்னுட்டு ஒருத்தன் பாக்கி இல்லாம கேஸு. வயித்தப் புடிச்சிட்டு உக்காந்திருக்கானுவோ. பாய் மாத்திர இருந்தா வாங்கியாடான்னு சொல்லி உட்டானுவோ."

ஜமீர் கண்ணைக் காட்டினார். தீர்த்தகிரி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்.

"எந்த மாத்திர?" என்றாள் ஃபகருன்னிசா.

"அதாங்கக்கா, அந்த வெள்ள மாத்திர. சாப்பாடு முடிஞ்சதும் பாய் ஆளுக்கு ஒன்னு குடுப்பாரே. மருந்துக் கடக்காரனே சொன்னான், பஸ்ட் கிளாஸ் கேஸ் மாத்திரன்னு. பாய்க்குத்தான் கேஸே இல்லியே, வீணாப் போவக்கூடாதுன்னு குடுக்கறாரு. அஞ்சாறு வருசமா நடக்குது, உங்களுக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியாது. மாதம் தவறாமல் டிஸ்பென்சரி ஜன்னலில் முக்கால் மணி நேரம் நின்று அவள் வாங்கி வந்த மாத்திரை, அஞ்சாறு வருடமாக ஒரு லைன் முழுவதற்கும் ஏப்பம் வரவழைத்திருக்கிறது. தீர்த்தகிரி அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதி உரித்த ஆரஞ்சை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

"பொய் சொன்னீங்களே. என்னையும் சேத்து டாக்டருகிட்டப் பொய் சொல்ல வெச்சீங்களே."

ஜமீர் கட்டுப் போட்ட காலையே பார்த்தார். "சுண்ணாம்பு மாதிரி இருக்கும். எனக்கு அது என்ன பண்ணுதுன்னு ஒன்னும் தெரியல. அவங்களுக்கு ஒடனே கேக்குது." போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு சொன்னார்: "ஒம்பது வருசமா செவ்வாயும் வெள்ளியும் என் டேபிள அவங்கதான் பாக்கறாங்க. ஒருத்தன்கூட மூஞ்சக் காட்டல. நான் என்னத்தக் குடுக்கறது? எங்கிட்ட இருந்தது அதுதான்."

அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. "ஒங்ககிட்ட இருந்தது இல்ல அது. அது என்னோட செவ்வாக்கெழம. என்னோட வெள்ளிக்கெழம. ஒம்பது வருசமா நான் சுமந்த ஒடம்ப எடுத்து நீங்க தானம் பண்ணியிருக்கீங்க. என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா?"



அடுத்த வாரம் அவள் கம்பெனி வாசலுக்குப் போனாள். கல்யாணமாகி வந்த நாளாக அந்தக் கேட்டுப் பக்கம் போனதில்லை. முதல் ஷிப்ட் விட்டு வந்தவர்களைத் தீர்த்தகிரி மூலமாக நிறுத்தினாள். பதினாலு பேர். துப்பட்டாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அவர்கள் தின்றது கேஸ் மாத்திரை இல்லை, தன் புருஷனின் எலும்பு என்று சொன்னாள். அதிலே ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இனி அவர் நீட்டினாலும் யாரும் வாங்கக்கூடாது என்றாள். பதினாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தீர்த்தகிரி மட்டும், "செவ்வா வெள்ளி எப்பவும் போல நாங்க பாத்துக்கறோம்க்கா," என்றான்.

இதைக் கேட்ட ஜமீருக்குக் கோபம் வந்தது. ஒன்பது வருடத்தில் முதல் தடவை. என் மானத்தை வாசலில் வைத்து ஏலம் போட்டுவிட்டாய் என்றார். பத்து நாள் அவளோடு பேசவில்லை. அவளும் விட்டுவிட்டாள். காஜா மொய்தீனின் டெம்போவில் நீட்டிய காலோடு செவ்வாயும் வெள்ளியும் பேச்சில்லாமல் போய் வந்தார்கள். ஆனால் ஒவ்வொரு வேளையும் தட்டின் ஓரத்தில் மாத்திரையை வைத்துவிட்டு, அவர் மென்று விழுங்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். முழுங்கியாயிற்றா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். திறந்து காட்டினார்.

ஏழாவது வாரம் மாவுக்கட்டை வெட்டி எடுத்தார்கள். தொடை பாதியாக இளைத்திருந்தது. டாக்டர் தூக்கச் சொன்னார். குதிகால் கட்டிலை விட்டு ஒரு ஜாண் எழுந்தது. கொஞ்சம் ஆடியது, ஆனால் நின்றது. இனி மெல்ல மெல்ல முட்டியை மடக்கிப் பழக வேண்டும், இடது காலுக்கும் இதே கதி வரலாம், வராமலும் போகலாம், மாத்திரை முக்கியம் என்றார் டாக்டர்.

கார்த்திகை மாதம் ஒரு திங்கட்கிழமை, வேலைக்குத் திரும்புகிற நாள். கம்பெனி பஸ் தெருமுனையில் வந்து நின்றது. உள்ளே லைன் ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு எல்லாரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஜமீர் படிக்கு முன்னால் நின்றார். சட்டைப் பையைத் தடவினார். அதில் ஒன்றும் இல்லை.

"வெறுங்கையோட எப்படிடி இவங்க மூஞ்சில முழிக்கறது?" என்றார்.

"வெறுங்கையோடவே போங்க," என்றாள் ஃபகருன்னிசா. "நீங்க நடந்து வர்றீங்கல்ல, அத வாங்கிக்கட்டும்."

ஜமீர் கம்பியைப் பிடித்து வலது காலை முதல் படியில் வைத்தார். தீர்த்தகிரி கை கொடுக்க ஓடி வந்தான். அவனை வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, தானே ஏறினார்.